நியூயார்க் மாநிலத்தில் கேட்பாரற்ற பழைய இடுகாடு: யாருடையது, எங்கே தேடுவது, டவுன் ஹிஸ்டோரியன் என்ன செய்வார்?

வேலியோரம் எழுதியது:

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஒரு டவுனின் (இங்கே அது ஓர் உள்ளாட்சிப் பிரிவு) ஓரத்தில், மரங்களுக்கு நடுவே பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. முப்பது கற்கள் போலத் தெரிகின்றன. பாதி சாய்ந்துவிட்டன, சில விழுந்து மண்ணோடு கிடக்கின்றன. படிக்க முடிந்தவற்றில் 1812 முதல் 1864 வரை தேதிகள். பெயர்ப்பலகையும் வேலியும் இல்லை. சமாதி விவரங்களைத் திரட்டும் ஃபைண்ட் எ கிரேவ் இணையதளத்தில் பதினோரு பெயர்கள் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள், படங்கள் கிடையாது.

தெருவில் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து இதை ஆவணப்படுத்தலாம், முடிந்தால் சுத்தம் செய்யலாம் என்று எண்ணம். நிலம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டவுன் இணையதளத்தில் ‘ஹிஸ்டோரியன்’ என்று ஒரு பதவி போட்டிருக்கிறது. அவருக்கு என்ன பொறுப்பு, அவரிடம் எதைக் கேட்கலாம்? தேய்ந்த எழுத்தை எப்படிப் படிப்பது? எதைத் தொடவே கூடாது?

———

பத்திரக்கட்டு எழுதியது:

முதலில் ஹிஸ்டோரியன். ஒவ்வொரு டவுனுக்கும், வில்லேஜுக்கும், நகரத்துக்கும் வரலாற்றாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1919-இல் சட்டம் போட்டது. அப்படிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் இதுதான். முதல் உலகப் போரில் அந்தந்த ஊரிலிருந்து போனவர்களின் விவரங்களைத் திரட்டுவதுதான் ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வேலை. டவுனுக்கு அதன் தலைவரான சூப்பர்வைசர் நியமிப்பார், வில்லேஜுக்கும் நகரத்துக்கும் மேயர். கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்றது) தனியாக ஒருவர் இருப்பார். மாநிலத்தில் 62 கவுண்டிகள், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்கள். இவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, கிடைத்தாலும் பெயரளவுக்குத்தான். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் உட்காருகிறவர்கள்தான் அதிகம். மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வராவிட்டால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் இடம் வில்லேஜ் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வில்லேஜ் டவுனுக்குள்ளேயே இருக்கும், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி ஹிஸ்டோரியன் இருக்கலாம். ஹேம்லெட் என்பது பெயரளவில் ஊர்தான். அதற்கு நிர்வாகம் இல்லாததால் ஹிஸ்டோரியனும் இல்லை.

பலர் தடுமாறுவது இங்கேதான்: ஹிஸ்டோரியன் இடுகாட்டின் உரிமையாளரும் இல்லை, பராமரிப்பாளரும் இல்லை. டவுனின் அதிகாரபூர்வ ஆவணங்கள் அவர் பொறுப்பில் இருப்பதும் இல்லை. கூட்டக் குறிப்பேடு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் டவுன் கிளார்க்கிடம் இருக்கும். ஹிஸ்டோரிக்கல் சொசைட்டி என்பது தனியார் சங்கம், அதையும் இவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் வம்சாவளியை உட்கார்ந்து தேடித் தருவதும் அவர் வேலை இல்லை. ஆராய்வது, எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, பழைய இடங்களைக் காப்பாற்ற டவுனை நடத்தும் மன்றமான டவுன் போர்டுக்கு ஆலோசனை சொல்வது ஆகியவைதான் அவர் பணி. எந்தக் காகிதம் எந்த அலமாரியில், யார் கையெழுத்தில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

‘இந்த இடுகாட்டைப் பற்றி என்ன தெரியும்?’ என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். மூன்று கேள்விகள் எழுதி அனுப்புங்கள். இந்த இடத்துக்கு இதுவரை என்னென்ன பெயர்கள் வழங்கின? ஒரே இடுகாடு நிலத்துக்காரர் பெயரிலும், சாலைப் பெயரிலும், இல்லாமல்போன தேவாலயத்தின் பெயரிலும் மூன்று பட்டியல்களில் இருக்கும். அடுத்தது, இந்தக் கற்களை முன்பு யார், எந்த ஆண்டில் படியெடுத்தார்கள்? மூன்றாவது, டவுன் இதற்கு எப்போதாவது புல்வெட்டவோ வேலி போடவோ பணம் ஒதுக்கியிருக்கிறதா?

இரண்டாவது கேள்விதான் மிக முக்கியம். அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் சங்கம் (DAR, விடுதலைப் போரில் பங்கேற்றவர்களின் வழிவந்த பெண்களின் அமைப்பு) இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த மாநிலம் முழுக்க இடுகாடுகளில் கற்களைப் படியெடுத்துத் தட்டச்சுத் தொகுதிகளாகக் கட்டியது. ஆல்பனியில் உள்ள மாநில நூலகத்தில் அவை இருக்கின்றன. இன்று மொட்டையாகிப்போன கல்லில் அப்போது எழுத்து இருந்தது. அந்தப் பட்டியல் ஐம்பது பெயர் சொல்லி நீங்கள் முப்பது கல்தான் பார்க்கிறீர்கள் என்றால், மீதி இருபது மண்ணுக்கடியில் கிடக்கலாம்.

பழைய ஹிஸ்டோரியன்கள் திரட்டியதையும் கேளுங்கள். பதவியை விட்டுப் போகிறவர் திரட்டியதை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் சில பெட்டிகள் அவர்கள் குடும்பத்தாரின் வீட்டிலேயே தங்கிவிடுவதுண்டு.

இனி நிலம். கவுண்டியின் வரி வரைபடத்தை இணையத்தில் திறந்து அந்தத் துண்டைத் தொடுங்கள். தனித் துண்டாக இருந்து வகை எண் 695 என்று காட்டினால், அது இடுகாடு என்று வரிப்பதிவிலேயே ஏறியிருக்கிறது. தனித் துண்டே இல்லாமல் பெரிய பண்ணை நிலத்துக்குள் மறைந்திருந்தால் பத்திரங்களில் பின்னோக்கிப் போக வேண்டும். கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு இருக்கும். இன்றைய உரிமையாளர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொரு படியாக 1800 வரை இறங்குங்கள். நீங்கள் தேடுவது ஒரே வரி: ‘புதைக்கும் நிலம் கால் ஏக்கர் நீங்கலாக’. இந்த விலக்கு சில பத்திரங்களில் இருக்கும், நடுவில் ஒரு எழுத்தர் விட்டுவிட்டால் அதற்குப் பிறகு எதிலும் இருக்காது. அதனால் கடைசி இரண்டு பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘விலக்கு இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

அளவுகள் சங்கிலி, இணைப்புக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, நூறு இணைப்பு ஒரு சங்கிலி. ‘2 சங்கிலி 50 இணைப்பு’ என்றால் 165 அடி. திசைகள் அன்றைய காந்த வடக்கை வைத்து எழுதப்பட்டவை. இன்றைய காம்பஸோடு பல பாகை வித்தியாசம் வரும், அப்படியே வைத்து அளந்தால் எல்லை பக்கத்து வயலில் போய் நிற்கும். இன்னொன்று, கவுண்டி எல்லைகள் மாறியிருக்கின்றன. ஷைலர் கவுண்டி 1854-இல்தான் உருவானது. அங்குள்ள நிலத்தின் 1830-ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் அது பிரிந்துவந்த பழைய கவுண்டிகளின் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

யார் பொறுப்பு என்பது அந்த இடம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. சங்கமாகப் பதிவுசெய்த பொது இடுகாடு என்றால் மாநிலத்தின் இடுகாட்டுப் பிரிவு மேற்பார்க்கிறது. தேவாலயத்துடையது, குடும்பத்துடையது, டவுனுடையது எதுவும் அந்தப் பிரிவின் கீழ் வராது. ஊர் மக்கள் 14 ஆண்டுகள் இடுகாடாகப் பயன்படுத்திய நிலம் டவுனுக்குரியதாகக் கருதப்படும் என்று டவுன் சட்டத்தின் 291-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி டவுன் வசம் வந்தவற்றில் ஆண்டுக்கு மூன்று முறையாவது புல்லும் களையும் அகற்ற வேண்டும். ஒரே குடும்பம் தன் வயலில் புதைத்த இடத்துக்கு இது பொருந்துமா என்பதில் தகராறு வரும். ஆகவே கற்களில் எத்தனை குடும்பப் பெயர்கள் இருக்கின்றன என்பது சட்டத்துக்கும் தேவையான தகவல். எட்டு வெவ்வேறு பெயர்கள் இருந்தால் அது ஊர் இடுகாடு என்று வாதாட வலு இருக்கிறது. அந்தப் பட்டியலோடு டவுன் போர்டுக்குப் போங்கள்.

———

சுண்ணக்கல் எழுதியது:

பத்திரக்கட்டு காகிதப் பக்கத்தைச் சொல்லிட்டார், நான் கல்லுப் பக்கம் சொல்றேன்.

நிலத்துக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம உள்ளே போகாதீங்க. போற நேரம் ஏப்ரல், பனி உருகி இலை வர்றதுக்கு முன்னாடி. கோடையில கல்லே தெரியாது, உண்ணியும், தொட்டா தோல் அரிச்சுக் கொப்புளிக்கிற பாய்சன் ஐவி கொடியும் வேற. உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் அந்தப் பக்கம் சாதாரணம். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள்ள விட்டுக்கிட்டுப் போங்க.

எதையும் தொடறதுக்கு முன்னாடி வரைபடம் போடணும். போன் ஜிபிஎஸ் பத்து பதினைந்து அடி தவறும். குழிகள் மூணு நாலு அடி இடைவெளியில இருக்கும்போது அது எதுக்கும் உதவாது. இடத்தோட இருப்பிடத்துக்கு மட்டும் ஜிபிஎஸ். உள்ளே ரெண்டு அசையாத புள்ளிகளுக்கு நடுவே கயிறு கட்டி, 100 அடி டேப்பால ஒவ்வொரு கல்லுக்கும் ரெண்டு அளவு: கயிறு நெடுக எத்தனை அடி, கயிறுலேர்ந்து பக்கவாட்டுல எத்தனை அடி. வரிசைக்கு எழுத்து, கல்லுக்கு எண். உயரம், அகலம், தடிமன், எந்தத் திசை பார்க்குது, என்ன கல்லு, எப்படி உடைஞ்சிருக்கு, எல்லாம் ஒரு படிவத்துல. தலைமாட்டுக் கல்லுக்கு ஆறடி தள்ளி ரெண்டு எழுத்து மட்டும் வெட்டின சின்னக் கல் இருந்தா அது கால்மாட்டுக் கல். அதைக் குழந்தை சமாதின்னு எண்ணி எண்ணிக்கையைக் கூட்டிடறது ரொம்பச் சகஜம்.

எழுத்தை வரிக்கு வரி அப்படியே எழுதுங்க. தப்பான ஸ்பெல்லிங்கைத் திருத்தாதீங்க. தெரியாத எழுத்துக்குச் சதுர அடைப்புக்குறி. 1 மாதிரி இருக்கிறது 4-ஆகவும் இருக்கலாம், 3 மாதிரி இருக்கிறது 8-ஆகவும் இருக்கலாம், சந்தேகம்னா ரெண்டையும் எழுதுங்க.

படிக்க ஒரே நல்ல வழி சாய்வு வெளிச்சம். கதவுல மாட்டற நீளக் கண்ணாடி, ஒரு அடிக்கு நாலு அடி, கடையில மலிவா கிடைக்கும். ஒருத்தர் பத்து பன்னிரண்டு அடி தள்ளி வெயில்ல நின்னு, வெளிச்சத்தைக் கல்லோட முகத்துல பக்கவாட்டுலேர்ந்து உரசற மாதிரி அடிக்கணும். நேரா அடிச்சா எழுத்து மறைஞ்சிடும். கண்ணாடியை மெதுவாத் திருப்பிக்கிட்டே இருங்க, ஒரு கோணத்துல 1843-ங்கிற எண் திடீர்னு நிழலோட எழுந்து நிக்கும். அந்த நேரத்துல படம் எடுங்க. சாக்பீஸ், மாவு, ஷேவிங் க்ரீம் எதுவும் தேய்க்கக் கூடாது. க்ரீம்ல இருக்கிற அமிலமும் கொழுப்பும் கல்லோட நுண்துளைல தங்கிடும். காகிதம் வெச்சுப் பென்சிலால உரசிப் படியெடுக்கறதும் இந்தக் கல்லுகளுக்கு ஆபத்து.

நீங்க சொல்ற 1812–1864-ல பெரும்பாலும் வெள்ளைச் சலவைக்கல் பலகைதான் இருக்கும். விரலால மெல்லத் தடவிப் பாருங்க. சர்க்கரை மாதிரி மணி உதிர்ந்தா அந்தக் கல்லைக் கழுவாதீங்க, அதோட மேல்தோல் போயிட்டிருக்கு. விரல் கணுவால லேசாத் தட்டி உள்ளே கூடு மாதிரி சத்தம் வந்தாலும் அதே முடிவு. உறுதியான கல்லுக்கு மட்டும் நிறையத் தண்ணி, மிருதுவான நைலான் பிரஷ், பாசிக்கு மரச் சுரண்டி. கீழேருந்து மேலே தேய்க்கணும். மேலேருந்து தொடங்கினா அழுக்குத் தண்ணி காய்ஞ்ச பகுதியில வழிஞ்சு கோடு போட்டுடும். வேணும்னா டி-2ங்கிற உயிரிக் கரைசல், அது வாரக்கணக்குல மெதுவாத்தான் வேலை செய்யும். ராத்திரி உறைபனி வரும்னா அன்னைக்குக் கழுவாதீங்க, உள்ளே போன தண்ணி உறைஞ்சு கல்லை உரிச்சிடும்.

பிளீச் வேண்டவே வேண்டாம். அன்னைக்குப் பளபளன்னு இருக்கும், ஆனா உப்பு உள்ளே தங்கிப் படிகமாகி ஓரிரு வருஷத்துல முகத்தை உரிச்சுத் தள்ளும். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர், வினிகர் மூணும் அதே கதி. சலவைக்கல்லை வினிகர் கரைக்கவே செய்யும்.

சாய்ஞ்ச கல்லை ஆளுங்களைக் கூட்டி நிமிர்த்தலாம்னு தோணும். நாலடி உயரம், ரெண்டடி அகலம், ரெண்டு இஞ்ச் தடிமன் கல்லு சுமார் 225 பவுண்டு. காலில விழுந்தா எலும்பு போகும், நடுவுல பிடிச்சா கல்லு போகும். சிமென்ட்ல ஊன்றினா தரைமட்டத்துல அப்படியே ஒடியும், ஏன்னா சிமென்ட் கல்லைவிடக் கெட்டி, அது அசைய விடாது. சரளையும் மணலும் போட்டு ஊன்றத் தெரிஞ்ச ஆள் வர்ற வரைக்கும் விட்டுடுங்க. கற்களை உரிமை இல்லாம நகர்த்தறது குற்றம்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

———

வேலியோரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி, வரைபடத்தை ஏப்ரலில் வைத்துக்கொள்கிறோம். இன்னும் மூன்று ஐயங்கள். பல கற்களில் பிறந்த தேதி இல்லை, ‘வயது 63 வருடம் 4 மாதம் 20 நாள்’ என்பதுபோல் இருக்கிறது. இரண்டாவது, ஒரே மனிதருக்கு இங்கேயும் கல் இருக்கிறது, மூன்று மைல் தள்ளி உள்ள பெரிய இடுகாட்டிலும் கல் இருக்கிறது. மூன்றாவது, ஒரு மூலையில் எழுத்தே இல்லாத ஐந்தாறு சாதாரண வயல்கற்கள் வரிசையாக நிற்கின்றன. அடிமைகளின் சமாதிகள் என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார்.

———

கணக்கன் எழுதியது:

வயதுக் கணக்குக்கு இணையத்தில் 8870 என்ற சூத்திரம் சுற்றுகிறது. இறந்த தேதி 1847 மார்ச் 12 என்று வைத்துக்கொள்வோம். தேதியையும் வயதையும் ஆண்டு, மாதம், நாள் வரிசையில் ஒரே எண்ணாக எழுத வேண்டும். 18470312-இலிருந்து 630420-ஐக் கழித்து, மீதியிலிருந்து 8870-ஐக் கழித்தால் 17831022, அதாவது 1783 அக்டோபர் 22. ஆனால் அந்தச் சூத்திரம் எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று எடுத்துக்கொள்கிறது. நாள்காட்டியை வைத்து மார்ச் 12-இலிருந்து 20 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 20, அங்கிருந்து 4 மாதம் போனால் அக்டோபர் 20. இரண்டு நாள் வித்தியாசம். மேலும் மாதத்திலும் நாளிலும் கடன் வாங்க வேண்டிய கழித்தலுக்கு மட்டுமே 8870 பொருந்தும். கையால் கணக்கிட்டு, ‘கல்லில் உள்ள வயதிலிருந்து பெறப்பட்டது’ என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். பெண்கள் கல்லில் ‘கன்சார்ட்’ என்றிருந்தால் கணவர் உயிரோடிருக்கும்போதே இறந்தவர், ‘ரெலிக்ட்’ என்றிருந்தால் விதவை. கணவரின் மறைவை மனைவி இறந்த தேதிக்கு முன்னால் தேடுவதா, பின்னால் தேடுவதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு கல்லுக்குக் காரணம் பெரும்பாலும் 1847. அந்த ஆண்டு மாநிலம் கொண்டுவந்த கிராமிய இடுகாட்டுச் சட்டத்துக்குப் பிறகு சங்கங்கள் புதிய பெரிய இடுகாடுகளை அமைத்தன. வசதியுள்ள குடும்பங்கள் அங்கே நிலம் வாங்கிப் பழைய உடல்களைத் தோண்டி எடுத்துப் போயின, அல்லது உடலை எடுக்காமல் பெயரை மட்டும் புதிய தூணில் வெட்டின. எது நடந்தது என்று புதிய இடுகாட்டின் மனைப் பதிவேடு சொல்லும். அதைப் பார்க்கும்வரை ‘இரண்டு இடத்திலும் கல் உள்ளது’ என்று மட்டும் எழுதுங்கள்.

இறப்புச் சான்றிதழை நம்பி உட்காராதீர்கள். மாநில அளவிலான பதிவு 1880-இல்தான் தொடங்கியது, அதன் பிறகும் பல ஆண்டுகள் முழுமையாக இல்லை. உங்கள் காலத்துக்கு உதவுபவை வேறு. இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் கவுண்டியின் சரகேட் கோர்ட்டில் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் இருக்கும். கூட்டாட்சிக் கணக்கெடுப்பின் இறப்பு அட்டவணைகள் 1850-லிருந்து உண்டு. அவை ஜூன் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாத மரணங்களை மட்டுமே காட்டும். மாநிலக் கணக்கெடுப்பில் 1855-ஐ விடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லோர் பெயரும், எந்தக் கவுண்டியில் பிறந்தார்கள், அந்த டவுனில் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கும். உள்நாட்டுப் போரில் இறந்தவர் யாராவது இருந்தால், 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி டவுன் கிளார்க்குகள் தயாரித்த படைவீரர் பதிவேடு மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

———

பத்திரக்கட்டு எழுதியது:

மூன்றாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், இதில் அவசரம் கூடாது. எழுத்தில்லாத வயல்கல் அடிமைகளுக்கு மட்டும் வைத்ததில்லை. குடியேற்றத்தின் ஆரம்பத்தில் கல் வெட்டும் ஆளே இல்லாத இடங்களில் வெள்ளைக் குடியானவர்களுக்கும், குழந்தைகளுக்கும், டவுன் செலவில் புதைக்கப்பட்ட ஏழைகளுக்கும் அதுதான் நின்றது. எளிமையை வலியுறுத்தும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களும் பெயர் வெட்டுவதைத் தவிர்த்தார்கள். அதே சமயம் அந்தப் பேச்சை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. இந்த மாநிலத்தில் அடிமைமுறை 1827 ஜூலை 4 அன்றுதான் முடிவுக்கு வந்தது. கறுப்பின மக்களின் சமாதிகள் பல இடங்களில் இப்படித்தான் பெயரில்லாமல் அழிந்தன.

தேட ஆவணம் இருக்கிறது. 1790 முதல் 1820 வரையிலான கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை அடிமைகள் என்ற எண் இருக்கும். உங்கள் கற்களில் உள்ள குடும்பப் பெயர்களை வைத்துப் பாருங்கள். 1799-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த ஆண்டு ஜூலை 4-க்குப் பிறகு அடிமைத்தாய்க்குப் பிறந்த குழந்தையை உரிமையாளர் டவுன் கிளார்க்கிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவுகள் தனிப் புத்தகமாக இல்லாமல் டவுன் கூட்டக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில், யாருடைய மாடு என்று காட்டும் காது அடையாளப் பதிவுகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கலாம். கிளார்க்கிடம் ‘பழைய டவுன் புத்தகத்தை முழுதாகப் பார்க்க வேண்டும்’ என்று கேளுங்கள், அட்டவணையை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அதே ஊரின் ஏழைகள் காப்பாளர் (ஏழைகளுக்கான டவுன் செலவைக் கவனித்த அதிகாரி) கணக்கையும் கேளுங்கள். சவப்பெட்டிக்கு இவ்வளவு, குழி தோண்ட இவ்வளவு என்று பெயரோடு இருக்கும். இவை கிடைக்கும்வரை அறிக்கையில் ‘எழுத்தில்லாத கற்கள் ஆறு, தென்மேற்கு மூலை’ என்பதுபோல எண்ணிக்கையும் இடமும் மட்டும் போடுங்கள்.

அந்த மூலையில் கம்பி குத்திப் பார்க்கவோ தோண்டவோ வேண்டாம். மண் சரிந்து எலும்பு தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு கவுண்டியின் மரண விசாரணை அதிகாரிக்குத் தகவல் கொடுங்கள்.

———

வேலியோரம் எழுதியது:

புரிந்தது. ஒரு கல்லில் புரட்சிப் போரில் போரிட்டவர் என்று இருக்கிறது, ஆனால் இரண்டாக உடைந்து பெயர்ப் பகுதி முழுக்க அழிந்துவிட்டது. புதிய கல் வைக்க வழி உண்டா? சாலையோரம் நீலமும் மஞ்சளுமாக நிற்கும் வரலாற்றுப் பலகையும் கேட்கலாமா?

———

பத்திரக்கட்டு எழுதியது:

இரண்டும் முடியும், இரண்டுக்கும் ஹிஸ்டோரியன் பக்கத்தில் இருப்பது நல்லது.

பலகைக்கு சிரக்யூஸில் உள்ள வில்லியம் ஜி. பொமரோய் அறக்கட்டளை நிதி தருகிறது. பலகையில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் முதன்மை ஆவணம் கேட்பார்கள். பிற்காலத்தில் எழுதிய கவுண்டி வரலாறு போதாது. பத்திரம், உயில், கணக்கெடுப்புப் பக்கம், கல்லின் படம் இவைதான் செல்லும். நிலத்துக்காரரின் ஒப்புதலும் வேண்டும். ‘முதல்’, ‘மிகப் பழைய’ என்ற சொற்களை வாசகத்தில் போடாதீர்கள், அவற்றை நிறுவுவதற்குள் பொறுமை போய்விடும்.

கல்லுக்கு, கூட்டாட்சியின் முன்னாள் படைவீரர் துறை இலவசமாகத் தருகிறது. படிவம் 40-1330. 1917 ஏப்ரல் 6-க்கு முன் சேவை முடிந்தவர் என்றால் உறவினர் இல்லாத ஒருவரும் விண்ணப்பிக்கலாம். அடையாளம் இல்லாத சமாதிக்குத்தான் தருவார்கள். இருக்கும் கல் படிக்கவே முடியாத நிலைக்குப் போயிருந்தால் அதைப் படத்தோடு காட்ட வேண்டும். போரில் பணியாற்றியதற்கு ஓய்வூதியக் கோப்போ படைப்பட்டியலோ இணைக்க வேண்டும். ‘கல்லில் எழுதியிருக்கிறது’ என்பது தனியாகப் போதாது. பெயர் அழிந்திருக்கிறது என்கிறீர்கள், அதனால் பழைய படியெடுப்புப் பட்டியல் கிடைக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. உடைந்த பழைய கல்லை அப்புறப்படுத்தாமல் அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ள டவுன் போர்டில் தீர்மானம் வாங்கிவிடுங்கள். கல்லைக் கொண்டுவந்து இறக்கும் செலவு துறையுடையது. ஆனால் தனியார் இடுகாட்டில் அதை ஊன்றும் செலவை அவர்கள் ஏற்க மாட்டார்கள். அந்தத் தொகையை யார் தருவது என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.